படியில் பார்த்தால் சொல்வேனா?

"வண்டியை எடுங்கள்" என்று கைப்பேசியில் தட்டியதை அழித்துவிட்டு, "வண்டியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா" என்று மறுபடி தட்டிக்கொண்டிருக்கிறாள் வசந்தி. அடுப்பில் ரசம் பொங்கி வழிகிறது. ஒரு கையால் அதை இறக்கி வைத்துவிட்டு, எழுதியதைச் சுவரைப் பார்த்து வாய்விட்டுப் படிக்கிறாள். "படியில ஆள நேர்ல பாத்தா இப்படிச் சொல்வேனா?" மாட்டாள் என்றால் அந்த வரியும் போச்சு.

செகந்திராபாத் பக்கம் அல்வாலில் உள்ள அந்த அடுக்குமாடிக்கு அவள்தான் செயலாளர். ஒருவரும் ஏற்காத வேலையை, கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய சூட்டோடு அவள் தலையில் கட்டிவிட்டார்கள். குடியிருப்பவர்களின் வாட்ஸப் குழு தெலுங்கு, ஹிந்தி, தமிழ் எல்லாம் கலந்தது என்பதால் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள். பெரிய எழுத்துகள் மட்டும் ஆகவே ஆகாது. "நாலு வீடு கேக்கக் கத்தற மாதிரி இருக்கு." கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதென்றால் அந்த ஒருவருக்கு மட்டும் மின்னஞ்சல் போகும். நகல் யாருக்கும் கிடையாது. "ஒருத்தரக் கேக்கறதுக்கு ஊரையா சாட்சிக்குக் கூப்பிடறது?" என்பாள். ஜீடிமெட்லாவில் மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவர் செல்லப்பாவுக்கு இது நல்ல வேடிக்கை. "சட்டசபைத் தீர்மானமே இதுக்குள்ள பாஸாயிருக்கும்!"

குழுவின் வழக்கம் வேறு. எது வந்தாலும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்களா, கட்டைவிரல். லிஃப்ட் ஓடாதா, கட்டைவிரல். மேல்மாடியில் ஒருவர் தவறிப்போன செய்திக்கும் நாலைந்து கட்டைவிரல்கள் நிமிர்ந்து நின்றன. படித்துவிட்டேன் என்று அர்த்தமாம்.

இத்தனை பதம் பார்க்கிறவளுக்கும் ஒருநாள் கைமீறிப் போனது. மூன்றாம் மாடி நந்தகுமாரின் அப்பா நடேசன், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக நினைவு தப்புகிறது. மத்தியானம் கீழே நடந்துவிட்டு வருகிறவர் மாடியைத் தவறவிட்டு, இரண்டாம் மாடியில் ஹர்ஷிதாவின் வீட்டைத் தன் வீடென்று நினைத்து மணியடிப்பார். ஹர்ஷிதா புதிதாகக் குடிவந்த பெண். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். அவரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வாசல் கேமராவில் விழுந்த படத்தைக் குழுவில் போட்டு, "யார் இந்த ஆள்? தினமும் பெல் அடித்துத் தொந்தரவு. வாட்ச்மேன் என்ன செய்கிறார்?" என்று எழுதிவிட்டாள். படத்தில் நடேசன், பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு கேமராவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தி அப்போது செகந்திராபாத் கடைவீதியில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். அட்மின் என்ற உரிமையில் உடனே படத்தை நீக்கினாள். ஹர்ஷிதாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். "நாக்கு தெலியது ஆன்ட்டி" என்று, தெரியாமல் செய்துவிட்டதற்காக அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அவளைக் கோபிக்கவும் வசந்திக்கு மனம் வரவில்லை.

ஆனால் மகன் பார்த்துவிட்டான். அவள் வீடு வந்து சேர்வதற்குள் நந்தகுமார் எழுதியிருந்தான்: "படத்தில் இருப்பவர் என் அப்பா. எல்லோரும் மன்னிக்கவும். இனிமேல் அவரை வெளியே விடமாட்டோம்."

அதன் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. யாரும் கெட்டவர்கள் இல்லை, படித்ததைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு மனிதரை வீட்டுக்குள் அடைத்துவைக்க ஊர்கூடிச் சம்மதம் கொடுத்த மாதிரி இருந்தது. வசந்தி பதில் எழுத உட்கார்ந்தாள். பதில் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். ஒரு வரியும் தேறவில்லை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மூன்றாம் மாடிக்குப் படியேறினாள்.

மணியடித்ததும் கதவைத் திறந்தவர் நடேசனேதான். பின்னாலேயே நந்தகுமார் ஓடிவந்தான். அவன் கையில், அப்போதுதான் வாங்கி வந்த புதுப் பூட்டு.

"யாரும்மா, யார் வேணும்?" என்றார் நடேசன்.

வசந்தி கதவு எண்ணை நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிச்சுக்கோங்க மாமா. மாடி தப்பி வந்துட்டேன். எங்க வீடுன்னு நெனச்சு பெல் அடிச்சுட்டேன்."

நடேசன் முகம் மலர்ந்துவிட்டது. "ஹவ், ஆமா, கதவெல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு! யாருக்குத்தான் தெரியும்? மன்னிப்பெல்லாம் நக்கோ, வேண்டாம். வா, உள்ள வந்து உக்காரு."

நந்தகுமார் பூட்டு இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அதைப் பார்க்காதவள் போலக் குனிந்து, வசந்தி செருப்பைக் கழற்றினாள்.