பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு காந்தங்கள்

தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது முனி, பேய் என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் அதையெல்லாம் நம்பியதில்லை. இதைக் கேட்டு நீங்களும் எழுந்து போகலாம், பரவாயில்லை.

ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குச் சல்லடை அறையில் வேலை. தூளில் கிடக்கும் இரும்புத் துகளைக் காந்தம் இழுத்துக்கொள்ளும், நான் துடைத்தெடுக்க வேண்டும். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ, யாழ்ப்பாணத்து சேர் ஒருவர் புதுக் காந்தம் இரண்டைச் சோதித்துப் பார்க்கக் கண்டியிலிருந்து கொண்டுவந்தார். கம்ப்யூட்டருக்குள் வைக்கும் சாமானுக்காகக் காந்தங்களை ஆராய்கிறவர். அணுவுக்குள் எலக்ட்ரான் என்று ஒன்று பம்பரம் மாதிரிச் சுற்றுகிறது, அதெல்லாம் ஒரே பக்கம் பார்த்தால்தான் காந்தம் என்று எனக்குக்கூடப் பொறுமையாகச் சொன்னார். செங்கல் அளவு காந்தங்கள், தனித்தனி மரப்பெட்டியில் இருந்தன.

"ரெண்டையும் ஒருநாளும் ஒண்டா வெளியில எடுக்கக் கூடாது, கவனம்" என்றார்.

ஆயுத பூசை வந்தது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, ஸ்பேனர் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிப் பொட்டு வைத்தோம். அங்கேயே வேலை செய்த என் தம்பி செல்வம் பெட்டிகளைத் திறந்தான்.

"வேணாம்டா, சேர் சொன்னாருல்ல."

"சாமிக்கு வைக்கிறத பொட்டிக்குள்ள பூட்டியா வைப்பாங்க? நீ கல்யாணத்துக்கே பயந்து ஓடுனவதானே, அக்கா."

எல்லாரும் சிரித்தார்கள்.

சந்தனம் தடவ இரண்டையும் பக்கம் பக்கமாக வைக்கப் போனான், அவ்வளவுதான், காந்தங்கள் பாய்ந்து ஒட்டிக்கொண்டன, நடுவில் அவன் வலது கை. எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. மேசையிலிருந்த கத்திகள் எழும்பி வந்து மணிக்கட்டிலும் முழங்கையிலும் குத்தின. அவன் அலறி அலறிக் குரலே போய்விட்டது. மர ஆப்பு அடித்துப் பிரிக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

நம்பினால் நம்புங்கள், காந்தத்தில் வழிந்த இரத்தம் சொட்டவில்லை. இரும்புத் துகள் நிற்பதுபோல முள் முள்ளாக எழுந்து நின்றது. துணியால் துடைத்தேன், துடைத்த இடத்தில் மறுபடி நின்றது.

செய்தி கேட்டு வந்த சேரிடம் சொன்னேன். "ரத்தத்தில இருக்கிற இரும்பைக் காந்தம் அப்பிடி இழுக்காது, தங்கச்சி" என்றார், ஆனால் காந்தங்களைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அன்றே அவற்றைக் கண்டிக்கு எடுத்துப் போனவர் பிறகு வரவேயில்லை.

செல்வத்துக்கு மூன்று விரல் போனது. தூங்கும்போது அந்தக் கை தானாக நீண்டு கண்டிப் பக்கம் காட்டும். கட்டிலைத் திருப்பிப் போட்டாலும் அதே பக்கம்தான், நான் அழுத்திப் பிடித்தால் என்னையும் சேர்த்து இழுக்கும். இத்தனை வருடமும் அப்படித்தான் இருந்தது. போன மாதத்திலிருந்து தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கம் மாறுகிறது. நேற்று விடிந்து பார்த்தபோது எங்கள் வாசலைக் காட்டிக்கொண்டிருந்தது.

செல்வத்திடம் நான் இன்னும் சொல்லவில்லை.