சிவப்புக் கறையும் தூக்கிய கையும்

உள்ளறையில் ஈரத்துணியை அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது. அடுப்படியில் இருந்த ஆர்கிப்பேக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் புருஷன் தெலெசோன் கல்யாணமான நாளிலிருந்து ஒரு துணியைக்கூட நனைத்ததில்லை.

எட்டிப் பார்த்தாள். அவன் மேலாடையில் சிவப்புக் கறை. ஊரார் கை தூக்கி முடிவெடுக்கும் சபைக்குப் போகாமல் சந்தையில் நிற்பவர்களைக் காவலர்கள் சாயம் தோய்த்த கயிற்றால் வளைத்து, சபை கூடும் மலைக்கு விரட்டுவார்கள். அந்தக் கயிறு பட்டிருந்தது.

"ஒரு பொம்பளை பயறு கேட்டா. பாதியில எப்படி விட்டுட்டு ஓடுறது?"

அளந்த பிறகும் ஒரு கைப்பிடி கூடப் போடுகிற பயறு வியாபாரி ஏதென்சில் அவன் ஒருவன்தான். யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாத மனசு. அந்த மனசுக்குத்தான் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

அப்போது அவள் தம்பி ஹெகேமோன் வந்தான். வெறுங்காலோடு ஞானிகளின் பின்னால் திரிபவன்.

"என்ன மச்சான், கப்பல் அனுப்ப நீங்களும் கை தூக்கினீங்களாமே?"

"நான் போறதுக்குள்ள பேச்சு முடிஞ்சிருச்சு மாப்ள. பக்கத்துல எல்லாரும் தூக்குனாங்க, நானும் தூக்கிட்டேன்."

"எந்தத் தீவுக்கு?"

தெலெசோன் துணியைப் பிழிந்தான். ஹெகேமோன் விடவில்லை.

"காய்ச்சல் வந்தா வைத்தியனைத்தானே தேடுறீங்க? தெருவுல கை தூக்கச் சொல்லியா மருந்து குடிக்கிறீங்க? அந்தத் தீவைச் சுத்திப் பாறை. இது புயல் மாசம். போற கப்பல் திரும்பாது."

துணி நழுவிக் கீழே விழுந்தது. அவர்களுடைய ஒரே மகன் நவுசோன் அந்தக் கப்பலில்தான் துடுப்புப் போடுகிறான்.

"என் மகனை நானே கை தூக்கி அனுப்பிட்டேனா?"

ஆர்கிப்பே அழவில்லை. புருஷனின் ஈரக் கைகளைத் தன் முந்தியால் துடைத்தாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள்.

"இவ்வளவு தெரிஞ்ச நீ எங்கடா இருந்த?"

"அந்த மந்தைக்குள்ள நான் போறதில்லக்கா."

"இவருக்குத் தெரியல, தூக்கினாரு. உனக்குத் தெரியும், நிழல்ல உக்காந்திருந்த. என் புள்ளைய அனுப்புனது யாரு?"

ஹெகேமோனின் தலை கவிழ்ந்தது.

"அவனை விடு" என்றான் தெலெசோன். "கப்பல் இன்னும் கிளம்பல. பல பேருக்கு மனசு மாறியிருக்குன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. அனுப்பலாமா வேணாமான்னு நாளைக்கு மறுபடி சபை கூட்டுறாங்க. விடியுறதுக்கு முன்னாடியே போயி முன்னால உக்காரப் போறேன். மாப்ள, நீ பக்கத்துல இரு. எனக்கு விளங்குறாப்ல சொல்லு. விளங்குனாத்தான் கை தூக்குவேன்."

"விளங்கலேன்னா?"

"எழுந்து கேப்பேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும்."

ஹெகேமோன் கிளம்பினான். வாசலில் அக்கா கொடுத்த வறுத்த கொண்டைக்கடலையை வாங்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

"வந்து கூப்பிடுறேன் மச்சான்."

"சீக்கிரம் வாடா. அந்தச் சாயக் கயித்துக்கு நீ ஞானின்னு தெரியாது" என்று சொல்லி ஆர்கிப்பே கதவைச் சாத்தினாள்.