முட்டைக் கல்லும் என் நாக்கும்

போன ஞாயித்துக்கிழம ஒரு புள்ளையோட சீமைப் பயணத்த நான் நக்கிக் கெடுக்கப் பாத்தேன். ஆமா... நாக்காலதான்.

அடுத்த வீட்டு கௌரி. யாழ்ப்பாணத்து ஆக்கள், அப்பா மாத்தளை அரசாங்கக் கச்சேரி ஆபீஸ்ல கிளாக்கர். புள்ள கெம்பஸ்ல கெமிஸ்ட்ரி ஆராய்ச்சி பண்றா. அண்ணன் மொறையில என்னை 'நானா'ன்னுதான் கூப்புடுவா. அன்னைக்கு ஒரு குட்டிப் போத்தலோட வந்தா.

"நானா, உங்கட லென்ஸால ஒருக்காப் பாருங்கோ. இதுக்குள்ள பழுதில்லாத கல்லு எது?"

கேட்டது யார்கிட்ட? மாத்தளை டவுன்ல முப்பது வருஷமா மாணிக்கக்கல்லு பாக்குறவன்கிட்ட! பள்ளிக்கூடத்துல நான் பாத்தது வெளிச்செவுரு மட்டும்தான். கல்லுன்னா வேற கத.

போத்தல்ல தண்ணி. தண்ணிக்குள்ள சீனி மாதிரி மணிங்க. எங்க வீட்டுக் கோழிமுட்டை வெள்ளக்கருவுலேருந்து எடுத்த புரோட்டீனாம். அதக் கல்லா உறைய வச்சிருக்கா! இதுக்குள்ள எக்ஸ்ரேய விட்டா பிலிம்ல புள்ளி புள்ளியா விழுமாம். அந்தப் புள்ளிய வச்சி, புரோட்டீன் உள்ளுக்குள்ள எப்படி மடிஞ்சி கெடக்குன்னு கண்டுபுடிக்கலாமாம். மிஷின் அவளுக்குத் திங்கக்கிழம ஒரு நாள்தான். நல்லாப் புள்ளி விழுந்தா சீமைப் படிப்புக்கு ப்ரொபசர் கடிதம் குடுப்பாரு. இல்லாட்டி இல்ல.

பாத்தேன். எல்லாம் கீறல், வெடிப்பு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது. ஒண்ணே ஒண்ணு மட்டும் – மாஷா அல்லாஹ்! இடுக்கியால மெல்லத் தூக்கினேன்.

கல்லு யாவாரி கல்லத் தூக்கினா அடுத்து என்ன செய்வான்? நெறம் தெரிய நாக்குல வச்சி ஈரமாக்குவான். நானும் வச்சேன்.

உப்புக் கரிச்சிச்சி. வெளிய எடுத்தா... மாவு.

"ஐயோ நானா! என்ன செய்து போட்டியள்! அதில பாதி தண்ணி, தொட்டாலே உடைஞ்சு போடும்!"

குசினியிலேருந்து என் பொஞ்சாதி குரல்: "முட்டையும் உப்பும் ஆச்சி. வெங்காயமும் வெட்டித் தரவா?"

கௌரி சிரிக்கல. கண்ணு கலங்கிடிச்சி. எனக்கு மண்ணுக்குள்ள பூந்துரலாம்போல ஆச்சி.

திங்கக்கிழம, ரெண்டா ஒட்டின ஒரு கல்லத்தான் கொண்டு போனா. வேற வழி? மறுநாள் பின்னேரம் பிலிமோட வந்தா.

"ரெண்டு கல்லும் சேர்ந்து புள்ளி போட்டிருக்கு நானா. எந்தப் புள்ளி எந்தக் கல்லின்ர எண்டே தெரியேல்ல."

லென்ஸ எடுத்தேன். ஒரே புள்ளிக்காடு! பாக்கப் பாக்க... ஒரு வரிசை நேரா போவுது. இன்னொண்ணு சாஞ்சி போவுது.

"தங்கச்சி, இது ரெண்டு கூட்டம். கல்யாண வீட்டுல ஒரே சஹன் தட்டுல கை வச்சி சாப்பிட்டாலும், யாரு பொண்ணு பக்கம், யாரு மாப்பிள்ள பக்கம்னு தெரியாமப் போயிருமா?"

அவ்வளவுதான் – புள்ள பென்சிலத் தூக்கிட்டா. நேர் வரிசைக்குச் சிவப்பு, சாஞ்சதுக்கு நீலம். ஒண்ணுமேல ஒண்ணு விழுந்த புள்ளிங்களத் தனியா ஒதுக்கிட்டா. மிச்சப் புள்ளியே கணக்குக்குப் போதுமாம். வெள்ளிக்கிழம ப்ரொபசர் கடிதத்துல கையெழுத்து வச்சிட்டாரு!

பழுதுன்னு நான் தள்ளிவிட்ட கல்லுங்க எத்தன இருக்கும்! அதுங்களும் ஏதோ சொல்லத்தான் பாத்திருக்கும். கேக்க எனக்குப் பொறுமை எங்க இருந்திச்சி?

'நல்ல கல்லு ஒண்ணும் இல்லையா'ன்னு ப்ரொபசர் கேட்டாராம். கௌரி சொல்லியிருக்கா: "இருந்தது சேர். அதை ஒரு நிபுணர் பரிசோதிச்சுப் போட்டார்."

நிபுணராம்! பொஞ்சாதிகிட்ட இத மூணு தரம் சொல்லிட்டேன்.