நீலக் கறையாக நின்ற ஏர்க்காரன்

புருஷனைப் புதைத்த அன்றும் ஓர்த்தான்ஸ் ஆறு பசுவையும் கறந்துவிட்டுத்தான் கல்லறைக்குப் போனாள். அழவில்லை. அழுவாள் என்று பார்க்க வந்தவர்கள் சூப்பைக் குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

புருஷன் அன்செல்ம் வசந்தத்தில் நெஞ்சுச் சளியில் போனான். அவனுக்குப் படம் என்று இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் அரைகுறை. முந்தின இலையுதிர் காலத்தில் பாரிஸ் ஓவியர் ஒருவர் அவர்கள் இருந்த நிவெர்னே சீமைக்கு வந்து, அவன் ஏர் ஓட்டுவதைத் தீட்ட ஆரம்பித்தார். படத்தில் எருதுகளுக்கு மூக்கின் ஈரம் வரைக்கும் வந்துவிட்டது. ஏர்க்காரன் மட்டும் நீலக் கறையாக நின்றான். மழை பிடித்தது, ஓவியர் கிளம்பிவிட்டார்.

இந்த வருஷ உழவுக்கு மறுபடி வந்தார். சாவைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினார், மாட்டிக்கொண்டார், அவன் சட்டை இருக்கிறதா என்று விசாரித்தார். அன்செல்மின் தம்பி மெதார் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் போதுமாம். அந்தக் கறை அன்செல்மாக முடியுமா, வேறு எவனாகவோ முடியுமா? ஓர்த்தான்ஸுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

பண்ணைகளில் பெரிய துணி வெளுப்பு வருஷத்துக்கு இரண்டே தடவை. அதனால் அன்செல்ம் கடைசியாகக் கழற்றிய சட்டை, அவன் மண்ணோடும் வேர்வையோடும் பரணில் கிடந்தது. பட்டணத்து மனிதருக்கு அழுக்குத் துணியைக் கொடுப்பதா? சாம்பல் நீரில் ஊறவைத்து, மூன்று தடவை அலசி, இஸ்திரி போட்டாள். கொடியிலிருந்து எடுக்கும்போதுதான் முகர்ந்து பார்த்தாள். சாம்பல் வாடை மட்டும் இருந்தது. அப்போதும் அழவில்லை.

"அந்த அழுக்குக்காகத்தானேம்மா கேட்டேன்," என்றார் ஓவியர்.

மெதார் சட்டையை மாட்டிக்கொண்டு உழவுசாலில் ஒரு புரளு புரண்டு எழுந்தான். "எங்க அண்ணன் ஜென்மத்துல இவ்வளவு அழுக்கா இருந்ததில்ல. போதுமாய்யா?"

ஓர்த்தான்ஸ் பால் வாளியோடு வந்து படத்தைப் பார்த்தாள். ஏருக்குப் பின்னால் கொழுந்தன் விறைத்து நின்றான். இது யார் என்று கேட்டாள். ஓர் உழவன் என்றார் ஓவியர். முதுகுதானே, யாராயிருந்தால் என்ன என்றார். சரி என்று திரும்பினாள்.

மெதார் அவளைப் பார்த்தான். பிறகு ஏர்ப்பிடியை விடாமலே இடது தோளை இறக்கினான். அன்செல்ம் அப்படித்தான் ஓட்டுவான், ஒரு பக்கம் சாய்ந்த வைக்கோல் வண்டி மாதிரி.

"நேரா நில்லுப்பா."

"முதுகு பிடிச்சுக்கிச்சு ஐயா. இப்படித்தான் நிக்க முடியும்," என்று கூசாமல் புளுகினான்.

ஓர்த்தான்ஸ் வாளியைக் கீழே வைத்தாள்.

"இன்னும் கொஞ்சம் இறக்கு தம்பி."

இறக்கினான். ஓவியர் முனகிக்கொண்டே தூரிகையை நீலத்தில் தோய்த்தார்.