ஹமீதாவை அழைத்துவரப் போட்ட வழி

போன வாரம் என் தம்பி மகன் புதுப் பெண்டாட்டியோடு டார்ஜிலிங் போகக் கிளம்பினான். கம்பளிச் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "பெரியப்பா, அந்த ஊருக்கு வழியெல்லாம் உங்களுக்கு மனப்பாடமாமே, அப்பா சொன்னாரு. எப்ப போனீங்க?" என்று கேட்டான். நான் போனதே இல்லை. வழி மட்டும் மனப்பாடம். கம்பளியிலிருந்து வந்த அந்துருண்டை வாடை என்னை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அது ஒரு பட்டாளத்துக் கோட்டின் வாடை. வேலூரில் பழைய துணி விற்கிறவனிடம் காதர் வாங்கி வந்தான். ஆம்பூர் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு, வேர்த்து வழிய நின்று, "இன்னாடா, அங்க குளுருக்கு இது தாங்குமா?" என்றான். சிரித்திருக்க வேண்டிய காட்சிதான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வீடு குடியாத்தத்தில் தறி வீடு. நாலு எழுத்து இங்கிலீஷ் படித்துவிட்ட தோஷத்தால் ஆம்பூர்த் தோல் மண்டி ஒன்றில் கடிதம் எழுதும் வேலைக்கு வந்தேன். காதர் அங்கே தோல் தரம் பிரிக்கிறவன். எனக்கு உயிர் தோஸ்த். அவன் தங்கை ஹமீதாவை வாணியம்பாடி இஸ்மாயிலுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். இஸ்மாயில் டார்ஜிலிங்கில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார்களுக்குப் பூட்ஸ் தைக்கும் கடை வைத்திருந்தான்.

அந்த மழைக்காலத்தில் கல்கத்தாத் தரகர் ஒருவர் சரக்குப் பார்க்க வந்தார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டை குவித்திருந்த ஓரமாகக் காதரைத் தனியே கூப்பிட்டார். இஸ்மாயில் காய்ச்சலில் போய்விட்டானாம். "பொண்ணு கொழந்தைய வெச்சிக்கினு தனியா இருக்குதாம், பாய். மலையில மண்ணு சரிஞ்சி ரயிலும் நின்னுபோச்சி" என்றார். காதர் கையிலிருந்த தோலைக் கீழே வைக்கவே இல்லை. அதைப் பிடித்தபடியே நின்றான்.

தந்தி கொடுத்தோம். பதில் இல்லை. நாமே போவோம் என்றேன் நான். மதராசைத் தாண்டாத நான் அன்றைக்கு வழிகாட்டி ஆனேன். ரயில் அட்டவணையைக் கடன் வாங்கி வந்து, மண்டியின் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டேன். மதராஸ், ஹவுரா, அங்கிருந்து ஆற்றைக் கடந்து சியால்தா, பிறகு சிலிகுரி, அதற்கு மேல் பொம்மை மாதிரி ஒரு ரயில். பள்ளிக்கூடப் பூகோளத்தில் ஒரு புள்ளியாகப் பார்த்த ஊருக்கு, பிறந்து வளர்ந்தவன் போல வழி சொன்னேன்!

அந்தச் சின்ன ரயில்தான் எங்களைக் கட்டிப்போட்டது. சாயங்காலமானால் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேப்பர் பார்ப்பேன். பிறகு காதர் வீட்டுக்குப் போவேன். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து அவன் அம்மா, "ரயில் உட்டாங்களா தம்பி?" என்பார். "இன்னும் இல்லீங்கம்மா." ஒருநாள், அங்கே வீடுகளே சரிந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. தெருமுனையில் காதரிடம் சொன்னேன். "அம்மாகிட்ட வாயத் தொறக்காத" என்றான். அன்று திரைக்கு முன்னால் வழக்கமான பதிலைச் சொன்னேன். என் குரலில் அவருக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும்.

"ரயில் உட்ட பொறவு போறதுக்கு நீங்க ரெண்டு பேரு எதுக்கு? அவளே வந்துடுவாளே. நடந்து ஏறுங்க!" என்றார்.

அதற்கு மேல் தாமதிக்கவில்லை. முதலாளி, "சரக்கு ஏத்துற நேரத்துல ரெண்டு பேரும் போனா எப்படி?" என்றார். "நாங்க இல்லேன்னு வெச்சிக்குங்க சாயபு" என்றான் காதர். அவர் அவன் முகத்தைப் பார்த்தார். "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

கிளம்பிய காலை காதரின் அம்மாவும் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார். நாங்கள் மதராஸ் போகும் வண்டிக்காக நிற்கிறோம். எதிர்த்திசையில் மதராசிலிருந்து வந்த வண்டி நின்றது. பெண்கள் பெட்டியிலிருந்து, புர்காவின் முகத்திரையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி இறங்கினாள். நாங்கள் பார்க்கவில்லை. காதரின் அம்மாதான் பார்த்தார். மகனின் தோளை அடித்தார்.

ஹமீதா கிட்டே வந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். அண்ணன் கையைப் பார்த்து, "இன்னாண்ணே கோட்டு இது, இந்த வெயில்ல?" என்றாள். காதர் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

ரயில் வரட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. சரிந்த பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறாள். சுமை தூக்கும் மலைக்காரி ஒருத்தி குழந்தையை முதுகுக் கூடையில் வைத்து இறக்கிவிட்டாளாம். ஹவுராவில் வேறு வண்டியில் ஏறி, கிளம்புமுன் தெரிந்து குதித்தாளாம். "அங்கெல்லாம் அழுவல. மதராஸ்ல போர்ட்டர் ஒருத்தன் தமிழ்ல 'எங்கம்மா போவணும்?'னு கேட்டான். அப்பதான் தாங்கல" என்றாள்.

வீட்டுக்குக் கிளம்பினோம். குழந்தை சகீனா மட்டும் நகரவில்லை. வண்டியைப் பார்த்தபடியே மலைப் பேச்சில் ஏதோ சொன்னது. ஹமீதா தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா இன்னும் எறங்கலியாம்" என்றாள்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் அவர்கள் வீடு. வண்டி ஊதினால் போதும், சகீனா வாசலுக்கு ஓடுவாள். அந்த மலைப் பேச்சில் எதையோ கூவுவாள். தெருப் பிள்ளைகளும் அர்த்தம் தெரியாமல் சேர்ந்து கூவும். பிறகு உருதும் தமிழும் அவள் நாக்கில் ஏறின. மலைப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்தது.

காதர், ஹமீதா, அந்த அம்மாள் எவரும் இன்று இல்லை. மண்டி இருந்த இடத்தில் ஷூ கம்பெனி. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் போனது வேறொன்று. ஒரு சாயங்காலம் காதரைத் தேடிப் போயிருந்தேன். மதராஸ் வண்டி ஊதிக்கொண்டு வந்தது, நின்றது, போனது. வாசலில் கூழாங்கல் ஆடிக்கொண்டிருந்த சகீனா தலை நிமிரவே இல்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஹமீதாவின் குரல் கேட்டது.

"மறந்துட்டாண்ணே."