படம் காட்டாத ப்ராசஸர்

வீட்டில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஆராய்ச்சி' என்றுதான் அழைப்பார்கள். ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்க மாதக்கணக்கில் விலை விசாரித்து, கடைசியில் தெருமுனைக் கடையில் முதல் நாள் பார்த்ததையே அதிக விலை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்கு அக்காவின் கணவர் சூட்டிய பட்டம் அது. பொருத்தமான பட்டம் என்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறான். ஃபிரேமின் வளைவுக்கு ஏற்ப லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து உட்கார வைக்கிற வேலை. மயிரிழை பிசகினாலும் லென்ஸ் குப்பைக்குத்தான். காசையும் அதே மாதிரி ஓரம் ஓரமாகத் தேய்த்துத்தான் செலவழிப்பான். சொந்தக்காரர்களில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் முதலில் இவனிடம் வருவார்கள். இவன் சொல்கிற யோசனை எப்போதும் ஒன்றுதான்.

"பெரிய ப்ராசஸர் எல்லாம் பெருமைக்கு வாங்கறது. விலை கம்மியா இருக்கிறதை எடுங்க. பாதி விலை, முக்கால்வாசி வேலை."

பல வருடம் அது உண்மையாகவும் இருந்தது. அந்தக் காலம் மலையேறிப் போனதை இவன்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

அக்கா எம்பிராய்டரி மெஷின்களுக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவள். ஊசி எங்கே இறங்க வேண்டும், எந்த நூல் முதலில் ஓட வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகக் கம்ப்யூட்டரில் அமைக்க வேண்டும். முன்பு ஒரு தையல் யூனிட்டில் சம்பளத்துக்குச் செய்தாள். பிறகு படுக்கையறை மூலையில் மேஜை போட்டுச் சொந்தமாக ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர்தான் அரதப் பழசு. சட்டைப் பையில் போடும் சின்னப் பூ என்றால் சமாளிக்கும். கோட்டின் முதுகு முழுக்க வரும் டிசைனைத் திறந்தால் அப்படியே உறைந்து நிற்கும். வருமானமோ பெரிய டிசைனில்தான். தாமதம் பொறுக்காமல் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பழைய யூனிட் முதலாளி, "வந்துடும்மா, உன் இடம் காலியாத்தான் இருக்கு" என்று போனுக்கு மேல் போன் போட்டார்.

"எனக்கு அங்க போக இஷ்டமே இல்லடா" என்றாள் அக்கா. "என் டிசைனுக்கு நானே விலை சொல்றேன், அது போதும் எனக்கு. ஏதாவது ஒண்ணு வாங்கிப் போட்டுக் குடு."

அன்றைக்கே வாங்கியிருந்தால் பிரச்சினையே இல்லை. ஆராய்ச்சி அப்படிச் செய்தால் அவனுக்கு எதற்கு அந்தப் பெயர்?

"அடுத்த மாசம் புது மாடல் வருதுக்கா. வந்தா பழசு விலை இறங்கும். கொஞ்சம் பொறு."

புது மாடல் வந்தது. பழசு விலை இறங்கவில்லை, கடையிலிருந்தே காணாமல் போனது. புதிதில் ஆகச் சின்னதற்குப் போன வருடத்து நடுத்தர ப்ராசஸரின் விலையை ஒட்டியிருந்தார்கள். அவனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"முக்கால்வாசி வேலைக்கு முழு விலை கேக்கறான். இவனுங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பொருமினான். நியாயமான பொருமல்தான். ஆனால் அதைக் கேட்டு விலை இறங்கவா போகிறது? இவன் காத்திருந்தான், மெமரி விலையும் சேர்ந்து ஏறியது.

ஒரு சீருடை தைப்பவர் பெரிய ஆர்டர் தருகிறேன் என்று சொன்னதும் அக்கா பணத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இன்னைக்கே வாங்கு. நாளைக்குன்னு சொன்னா நான் யூனிட்டுக்குப் போன் பண்ணிடுவேன்."

கடைக்காரர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.

"ரெண்டும் ஒரே ப்ராசஸர்தான் சார். இதுல திரைக்குப் படம் அனுப்பற வசதி உள்ளேயே இருக்கு. அதுல இல்ல, அதான் விலை கம்மி. தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்டாதான் படம் வரும்."

"தெரியும். வீட்டுல பழைய கார்டு ஒண்ணு இருக்கு."

"பழச நம்பாதீங்க சார். டப்பாவைப் பிரிச்சா நாங்க திரும்ப எடுக்க மாட்டோம்."

இங்கேதான் நம் ஆள் சறுக்கினான். தெரியாமல் ஒன்றும் சறுக்கவில்லை. இத்தனை மாதமாகத் தன்னை இளக்காரமாகப் பார்த்த விலையை ஒரு தடவையாவது ஏமாற்றிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. விலை குறைந்த டப்பாவையும் மற்ற பாகங்களையும் வாங்கினான். அக்காவின் பழைய கம்ப்யூட்டரையும் அங்கேயே தள்ளிவிட்டு அந்தக் காசையும் கழித்துக்கொண்டான். கடையை விட்டு இறங்கியபோது அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

வீட்டிலிருந்த பழைய கார்டைச் செருகியதும் புதிய கம்ப்யூட்டர் பறந்தது என்னவோ நிஜம். முதுகு டிசைன் தட்டியதும் திறந்தது. அக்கா சீருடைக்காரருக்குச் சரி என்று சொல்லிவிட்டு ராப்பகலாக உட்கார்ந்தாள். வேலை முக்கால்வாசி முடிந்திருந்த ஒரு மத்தியானம் திரை இருண்டது. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, படம் மட்டும் இல்லை.

ஓடி வந்தவன் கார்டைக் கழற்றினான், அழிரப்பரால் தேய்த்தான், திரும்பச் செருகினான், ஊதினான். ஒன்றும் நடக்கவில்லை. பழைய கார்டு செத்துப் போயிருந்தது. டிசைன் உள்ளே பத்திரமாக இருந்தது, பார்க்கத்தான் வழியில்லை. கடைக்கு ஓடினான். கார்டுகளுக்கு யானை விலை குதிரை விலை சொன்னார்கள். இருப்பதிலேயே மலிவானது, அவன் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு. தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டான், யாரிடமும் இல்லை. தான் வேலை பார்க்கும் கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று இருந்தால் கழற்றிக்கொண்டு வரலாமா என்று கூட ஒரு கணம் புத்தி போயிற்று. சீருடைக்காரர் கெடு தாண்டியதும் ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்.

"நாலு நாள் குடுக்கா. பழைய கார்டு ஒண்ணு எப்படியாவது தேடிப் பிடிக்கறேன்."

"தேடுடா. நான் திங்கக்கிழமை யூனிட்டுக்குப் போறேன்."

"என் மேல கோபமாக்கா?"

"கோபப்பட்டா படம் வருமா?"

அவள் இரண்டு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. விலையைத் திட்டினான், கடையைத் திட்டினான், தயாரித்தவனைத் திட்டினான். ஆத்திரம் எல்லாம் சுற்றிச் சுற்றித் தன் மேலேயே வந்து நின்றது. கடைக்காரர் சொன்ன டப்பாவை வாங்கியிருந்தால் அக்கா இந்நேரம் தன் மேஜையில் உட்கார்ந்திருப்பாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், யாரோ கழித்துப் போட்ட ஒரு கார்டோடு வந்தான். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து திரும்பி, தோள்பையைக் கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவன் மேஜைக்கு அடியில் குனிந்து கார்டைச் செருகினான். குனிந்தபடியே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கேட்டான்.

"அங்க என்ன ப்ராசஸர் வெச்சிருக்காங்க?"

"யாரு கண்டா. புதுசு. தட்டினதும் திறக்குது."

"அப்ப வேலை சீக்கிரம் முடியுமே."

"முடிஞ்சுது. முடிஞ்சுதுன்னு இன்னும் மூணு டிசைனத் தூக்கிக் குடுத்துட்டாங்க. சம்பளம் அதே சம்பளம்தான்."

அவன் ஸ்விட்சைப் போட்டான். திரையில் பாதியில் நின்றுபோன முதுகு டிசைன் பளிச்சென்று வந்தது.

"வந்துடுச்சுக்கா."

அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"அணைச்சுடுடா. கரண்டாவது மிச்சமாகட்டும்."