போடிமெட்டில் ஒரு டம்ளர் சாக்லேட்

போடிமெட்டில் மூடுபனி சமையல்கட்டு ஜன்னல் வரை வந்து நிற்கிறது. நான் தங்கியிருப்பது ஓர் ஏலக்காய் வியாபாரியின் வீட்டில். குளிருக்குச் சூடாகக் குடிக்கலாம் என்று, குமுளியில் வாங்கிய சாக்லேட் கட்டி முழுவதையும் கெட்டிப் பாலில் கரைக்கிறேன். வியாபாரியின் மனைவி எட்டிப் பார்த்து, ஏலக்காயைத் தட்டிப் போடுகிறார்.

“இதுக்கு ஏலக்காய் வேண்டாமேக்கா.”

“ஏலக்காய் போடாம பாலை இறக்குனா அவுக கோவிச்சுக்கிருவாக, தம்பி.”

சரி என்று டம்ளரை வாயருகே கொண்டுபோகிறேன்.

“நாக்கு வெந்துரும், இங்கன குடுங்க.”

வாங்கி, கையை உயரத் தூக்கி ஆற்றுகிறார். இந்தக் குளிரில் நாலு தடவை ஆற்றுவதற்குள் சில்லிட்டுவிடுகிறது. திரும்ப அடுப்பில் ஏற்றுகிறார். அடுப்பில் ஏறியதால் மறுபடி ஏலக்காய். கொதித்ததால் மறுபடி ஆற்றுகிறார். இப்படியே சுண்டிச் சுண்டி, ஐந்தாவது முறை டம்ளரைக் கவிழ்க்கும்போது எதுவும் விழவில்லை.

அக்கா அசரவே இல்லை. நெய் தடவிய தட்டில் அதை வழித்துப் போட்டு, ஆறவிட்டு, கத்தியால் துண்டு போடுகிறார். குமுளியில் வாங்கிய அதே கனத்தில் ஒரு கட்டி என் கைக்குத் திரும்ப வருகிறது.

“இதைக் கடிச்சுக்கிட்டு இருங்க தம்பி. குடிக்கச் சூடா ஏதாச்சும் போடுறேன்.”

அவர் கை ஏலக்காய் டப்பாவைத் திறக்கிறது.